18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பாம்ப்லெட்டும் அதுல வந்த பொருளாதாரத் திட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்ப்லெட்னா நோட்டீஸ் மாதிரி ஒண்ணா?

இல்லங்க, ஒத்தைத் தாள் நோட்டீஸ் இல்ல. பெரும்பாலும் 20 பக்கத்துலேருந்து 100 பக்கம் வரைக்கும் இருக்கும், கெட்டி அட்டை கிடையாது, தாளை மடிச்சு நூல் போட்டு தைச்சு அப்படியே விப்பாங்க. விலை ஆறு பென்ஸ், ஒரு ஷில்லிங், ஒன்றரை ஷில்லிங்னு போகும். அப்போ ஒரு விவசாயக் கூலிக்கு ஒரு நாள் சம்பளமே சுமாரா ஒரு ஷில்லிங்தான், அதனால ஏழைங்களைப் பத்தி எழுதின இந்தப் புத்தகங்களை ஏழைங்க காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது, வியாபாரி, பாதிரியார், வக்கீல், எம்பி இவங்கதான் வாங்கினாங்க, மத்தவங்க காபி ஹவுஸ்ல ஒரு பென்னி கொடுத்து உக்காந்து அங்க கிடக்கறதைப் படிச்சாங்க. நிறைய பேரு பேரே போட மாட்டாங்க, 'ஒரு வியாபாரி', 'மனித குலத்தோட நலம் விரும்பி' அப்படின்னு மட்டும் இருக்கும்.

ஏன் அந்த நூற்றாண்டுல போய் இவ்ளோ எழுதினாங்க?

1695ல இங்கிலாந்துல அச்சடிக்கறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும்ங்கற சட்டம் காலாவதி ஆச்சு, பார்லிமென்ட் அதைப் புதுப்பிக்கல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், 1689லேருந்து, பார்லிமென்ட் வருஷா வருஷம் கூட ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டும் சேர்ந்ததுல, ஒரு மசோதா வர்ற நேரம் பார்த்து அதுக்கு ஆதரவா எதிரா அச்சடிச்சு எம்பிங்க கைக்குப் போய்ச் சேர வைக்கறது ஒரு வேலையாவே ஆயிடுச்சு. 1712ல பாம்ப்லெட்டுக்கு முத்திரை வரி போட்டாங்க, அப்பவும் நிக்கல. இன்னொரு காரணம் போர். பிரான்ஸோட திரும்பத் திரும்ப சண்டை, அதுக்குக் கடன், கடனுக்கு வட்டி கட்ட வரி, வரி ஏறினா யாரு தலையில விழணும்னு சண்டை. இதெல்லாம் பேச ஒரு இடம் வேணும்ல.

எதைப் பத்தி அதிகமா எழுதினாங்க?

ஏழைங்களைப் பத்திதான். 1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு சர்ச்சைச் சுத்தி இருக்கற ஊர் வட்டாரம், தன்னோட ஏழைங்களைத் தானே காப்பாத்தணும், அதுக்கு நிலம் வீடு வச்சிருக்கறவங்க கிட்ட வரி வாங்கணும். இந்த வரி ஏற ஏற, எப்படிக் குறைக்கறதுன்னு ஆளாளுக்கு ஒரு திட்டம்.

பிரிஸ்டல் ஊர்ல ஜான் கேரிங்கற சர்க்கரை வியாபாரி முயற்சில 1696ல எல்லா பாரிஷையும் சேர்த்து ஒரே நிர்வாகம் ஆக்கி ஏழைங்களை ஒர்க்ஹவுஸ்ல, அதாவது தங்க வச்சு வேலை வாங்கற விடுதில வச்சு, நூல் நூக்க வச்சாங்க. அது நல்லா ஓடுதுன்னு அவரே ஒரு பாம்ப்லெட் எழுதினாரு, மத்த ஊர்ல எல்லாம் காப்பி அடிச்சாங்க. ஹம்ஃப்ரி மேக்வொர்த்ங்கற எம்பி நாடு முழுக்க பாரிஷ் பாரிஷா இப்படித் தொழில் தொடங்கணும்னு மசோதா கொண்டு வந்தாரு. அதை எதிர்த்துதான் 'ராபின்சன் குரூசோ' எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1704ல 'பிச்சை போடுறது தர்மம் இல்ல'ங்கற அர்த்தத்துல தலைப்பு வச்சு ஒரு பாம்ப்லெட் எழுதினாரு. லண்டன்ல ஏழைங்களை வச்சு ஒரு துணி நெய்ய ஆரம்பிச்சா, அதே துணியை நெசவு செஞ்சு பொழைக்கற எஸெக்ஸ் மாவட்டத்துக்காரங்க வேலை போகும், சந்தை ஒண்ணுதானே, ஒரு ஏழைக்குக் கொடுக்க இன்னொரு ஏழை கிட்டேருந்து பிடுங்கறீங்கன்னு அவர் கேட்டது இன்னைக்கும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். ஆனா அதே பாம்ப்லெட்ல, வேலைக்கு ஆள்தான் கிடைக்கல, ஏழைங்க ஏழையா இருக்கக் காரணமே சோம்பேறித்தனமும் குடியும்தான்னும் சொல்றாரு. இந்த ரெண்டையும் ஒரே ஆளு எழுதினாருங்கறதை மறக்காம படிக்கணும், அரைவாசியை மட்டும் மேற்கோள் காட்டறவங்க நிறைய பேரு. மசோதா கீழ்சபையான காமன்ஸ்ல பாஸ் ஆகி மேல்சபையான லார்ட்ஸ்ல விழுந்துச்சு.

1723ல வந்த சட்டம் இன்னும் கடுமை. ஒர்க்ஹவுஸ் உள்ள வர மாட்டேன்னு சொல்ற ஆளுக்கு உதவியே மறுக்கலாம்னு பாரிஷுக்கு அதிகாரம் கொடுத்துட்டாங்க. லண்டன் ஒர்க்ஹவுஸ்ல விட்ட கைக்குழந்தைங்க கொத்து கொத்தா செத்தாங்க. ஜோனாஸ் ஹான்வேங்கற வியாபாரி பாரிஷ் பாரிஷா போய் பதிவேட்டைப் பார்த்து, எந்த பாரிஷ்ல எத்தனை குழந்தை வந்துச்சு எத்தனை பொழைச்சுதுன்னு அச்சடிச்சாரு. அதோட பலனா 1762ல குழந்தைங்க பேரைப் பதிவு பண்ணணும்னு ஒரு சட்டம், 1767ல அவங்களை லண்டனுக்கு வெளிய கிராமத்துல காசு கொடுத்து வளர்க்கணும்னு ஒரு சட்டம். பாம்ப்லெட் எழுதி உயிர் காப்பாத்தலாம்ங்கறதுக்கு இதை விட நேரான உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எல்லாருமே ஏழைங்களைத் திட்டினவங்கதானா?

அதிகம் பேரு அப்படித்தான். ஆனா ஜான் பெல்லர்ஸைப் படிங்க. குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவரு, 1695ல 'தொழில் கல்லூரி'ன்னு ஒரு திட்டம் போட்டாரு. 300 பேரு சேர்ந்து வாழற ஒரு இடம், விவசாயத்துலேருந்து கைத்தொழில் வரைக்கும் எல்லா வேலையும் உள்ளயே நடக்கும், 200 பேரு வேலை செஞ்சா 300 பேருக்கும் தேவையானது கிடைச்சுடும், மிச்ச 100 பேரு உழைப்பு முதல் போட்டவங்களுக்கு லாபம். அந்த லாபக் கணக்கைப் போடாம பணக்காரங்க காசு போட மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். ஏழைங்க உழைப்புதான் பணக்காரங்களோட சுரங்கம்னு வெளிப்படையாவே எழுதினாரு. பொருளோட மதிப்பைப் பணத்தால இல்லாம உழைப்பால அளக்கணும்னும் சொன்னாரு. யாரும் கட்டல. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு கூட்டுறவுக் குடியிருப்புக் கனவு கண்ட ஆலை முதலாளி ராபர்ட் ஓவன் கைக்கு இந்த பாம்ப்லெட் போய்ச் சேர்ந்து 1817ல மறுபடி அச்சு ஆச்சு, அப்புறம் கார்ல் மார்க்ஸும் இவரை மரியாதையோட குறிப்பிட்டாரு.

இன்னொருத்தர் டேவிட் டேவிஸ், பெர்க்‌ஷயர்ல பார்க்கம்ங்கற கிராமத்துப் பாதிரியார். 1795ல வந்த அவர் எழுத்து பாம்ப்லெட்டை விடப் பெருசு, ஆனாலும் இங்க சொல்லியே ஆகணும். தன் ஊர்ல ஆறு கூலிக் குடும்பத்தோட வரவு செலவை வரி வரியா எழுதினாரு, ரொட்டிக்கு எவ்ளோ, சோப்புக்கு எவ்ளோ, மெழுகுவத்திக்கு எவ்ளோன்னு. வருஷம் முழுக்க குடும்பமே உழைச்சும் துண்டு விழுதுன்னு காட்டினாரு. நாப்பது வருஷம் முன்னாடி, 1756ல, குழந்தைங்களுக்காக அவ்ளோ போராடின அதே ஹான்வே ஏழைங்க டீ குடிக்கறதைக் கண்டிச்சு எழுதியிருந்தாரு. டேவிஸ் அந்த மாதிரிப் பேச்சுக்கு பதில் சொல்றாரு: பால் கிடைக்கல, பீர் வாங்கக் காசு இல்ல, கொதிக்கற தண்ணில நாலு இலையைப் போட்டு மட்டமான சர்க்கரை கலந்து குடிக்கறதையா சொகுசுங்கறீங்கன்னு. படிக்கறப்போ அவரோட கோவம் நமக்கும் வரும்.

நம்ம ஊர்த் துணிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே. சோழமண்டலக் கரையிலேருந்தும் குஜராத், வங்காளத்துலேருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டு போன பூப்போட்ட பருத்தித் துணியை லண்டன்ல எஜமானியும் கட்டினாங்க, வேலைக்காரியும் கட்டினாங்க. கம்பளி, பட்டு நெய்யறவங்க வயித்துல அடி. ரெண்டு பக்கமும் பாம்ப்லெட் பறந்துச்சு. 1700ல போட்ட சட்டப்படி அச்சடிச்ச இந்தியத் துணியை இங்கிலாந்துல உடுத்தக் கூடாது, வெளிநாட்டுக்கு மறு ஏற்றுமதி பண்ணலாம். வெள்ளைத் துணி வந்துட்டே இருந்துச்சு, அதை லண்டன்லயே அச்சடிச்சு வித்தாங்க, அதனால நெசவாளிங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. 1719ல லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிங்க தெருவுல இறங்கி காலிகோ, அதாவது இந்தப் பருத்தித் துணி, கட்டின பொம்பளைங்க துணியைக் கிழிச்சாங்க. டீஃபோ தடை வேணும்னு பத்திரிகையே நடத்தினாரு. 1721 சட்டம் கிட்டத்தட்ட முழுத் தடை, உடுத்தினா 5 பவுண்டு, வித்தா 20 பவுண்டு அபராதம்.

இதுல எதிர்நீச்சல் போட்டது 1701ல பேர் போடாம வந்த ஒரு பாம்ப்லெட், எழுதினது ஹென்றி மார்ட்டின்னு சொல்றாங்க. ஒம்பது பேரு உழைச்சு உள்ளூர்ல மூணு படி கோதுமைதான் விளையும், அதே உழைப்பால வெளிநாட்டுலேருந்து ஒம்பது படி வாங்க முடியும்னா, உள்ளூர்லதான் விளைவிப்பேன்னு அடம் பிடிக்கறது மூணு பேரு வேலைக்கு ஒம்பது பேரை வைக்கறது மாதிரின்னு கணக்கு போட்டாரு. ஆடம் ஸ்மித் வர்றதுக்கு 75 வருஷம் முன்னாடி இவ்ளோ தெளிவு. ஆனா தடை கேட்டவங்க சரி, வேண்டாம்னவங்க சரி, சோழமண்டல நெசவாளியை ரெண்டு பேரும் குறைஞ்ச கூலியா மட்டும்தான் பார்த்தாங்க. அவன் குடும்பம் என்ன ஆகும்ங்கற கேள்வி அந்த விவாதத்துல எழவே இல்ல, அது எனக்கு இன்னும் உறுத்துது. 1774ல பிரிட்டன்ல நெசவு செஞ்ச பருத்தித் துணிக்கு மட்டும் தடையை எடுத்தாங்க, ஏன்னா அப்போ லங்காஷயர்ல மெஷின் ஓட ஆரம்பிச்சிருந்துச்சு.

ஜோனதன் ஸ்விஃப்ட் நிஜமாவே குழந்தைங்களைச் சாப்பிடச் சொன்னாரா?

இல்ல. 'கலிவர்' கதை எழுதின ஸ்விஃப்ட்டோட அந்த பாம்ப்லெட் 1729ல டப்ளின்ல வந்துச்சு, இந்த மாதிரித் திட்டம் எழுதறவங்க பேசற பாணியையே கிண்டலா எடுத்து அவங்க முகத்துக்கு நேரா காட்டினது. வருஷத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தை பிறக்குது, 20,000 பேரை வளர்க்க வச்சுக்கிட்டு மிச்ச 1,00,000 பேரை ஒரு வயசுல கறிக்கு விக்கலாம்னு அதே அமைதியான கணக்கு மொழில எழுதினாரு. பலரும் கவனிக்காத இடம் கடைசிப் பக்கங்கள். அயர்லாந்துல நிலம் வச்சிக்கிட்டு இங்கிலாந்துல உக்காந்து வாடகை வாங்கறவங்களுக்கு பவுண்டுக்கு 5 ஷில்லிங் வரி, உள்நாட்டுப் பொருளை மட்டும் வாங்கறது, குத்தகைக்காரன் மேல கொஞ்சமாவது இரக்கம்னு ஒரு பட்டியல் போட்டு, இதெல்லாம் என் கிட்ட பேசாதீங்கன்னு தள்ளறாரு. அதுதான் அவரோட நிஜத் திட்டம், வருஷக்கணக்கா அவர் சொல்லி யாரும் கேக்காதது.

ஜின் குடிக்கு எதிரா எழுதினதெல்லாம் எடுபட்டுச்சா?

1736ல பாம்ப்லெட் பிரச்சாரத்துக்கு அப்புறம் வந்த சட்டம் சில்லறை விக்க 50 பவுண்டு லைசன்ஸ், கேலனுக்கு 20 ஷில்லிங் வரின்னு போட்டுச்சு. லைசன்ஸ் எடுத்தவங்க ரொம்பக் கம்மி, விற்பனை திருட்டுத்தனமா நடந்துச்சு, 1743ல அதைக் கைவிட்டாங்க. 1751ல மாஜிஸ்ட்ரேட் ஹென்றி ஃபீல்டிங் எழுதின பாம்ப்லெட்டும் ஓவியர் ஹோகார்த் வரைஞ்ச படமும் சேர்ந்து கொஞ்சம் நிதானமான சட்டம் வந்துச்சு, அது ஓரளவு வேலை செஞ்சுது.

நாட்டுக் கடனை அடைக்க என்ன திட்டம் சொன்னாங்க?

1763ல கடன் சுமார் 13 கோடி பவுண்டு, அமெரிக்கப் போர் முடிஞ்சப்போ சுமார் 24 கோடி. ரிச்சர்ட் பிரைஸ்ங்கற பாதிரியார், கணக்குல புலி, 1772ல ஒரு பாம்ப்லெட் எழுதினாரு. வருஷா வருஷம் கொஞ்சம் பணத்தைத் தனி நிதியா ஒதுக்கினா அது கூட்டு வட்டில வளர்ந்து கடனை அடைச்சிடும்ங்கறதுதான் அவர் வாதம். ஏசு பிறந்தப்போ ஒரு பென்னியை 5 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டிருந்தா இந்நேரம் 15 கோடி பூமி அளவு கெட்டித் தங்கம் ஆகியிருக்கும், தனி வட்டிக்குப் போட்டிருந்தா 7 ஷில்லிங் நாலரை பென்ஸ்தான்னு எழுதினாரு. கூட்டு வட்டி அந்த மாதிரி வேகமா வளரும்ங்கறது சரிதான். ஆனா அந்த வட்டியைக் கட்டறதும் அதே அரசாங்கம்தான், அதே வரிதான். பிரதமர் பிட் 1786ல வருஷத்துக்கு 10 லட்சம் பவுண்டு ஒதுக்கி நிதி ஆரம்பிச்சாரு. 1793ல போர் வந்ததும் ஒரு கையால புதுக் கடன் வாங்கி இன்னொரு கையால நிதிக்குப் போடற நிலைமை ஆச்சு. வரவு செலவை விட அதிகமா இருந்தாத்தான் கடன் குறையும், வேற மந்திரம் இல்லன்னு ராபர்ட் ஹாமில்டன் 1813ல எழுதினதுக்கு அப்புறம்தான் மயக்கம் தெளிய ஆரம்பிச்சுது.

பென்ஷன், குழந்தைகளுக்கு உதவித்தொகை எல்லாம் அப்பவே யோசிச்சாங்களா?

ஆமா, அதுவும் பவுண்டு கணக்கோட. தாமஸ் பெயின் வரி வசூல் ஆபீஸ்ல வேலை பார்த்தவரு, 1772ல அவர் எழுதின முதல் பாம்ப்லெட்டே தன் மாதிரி ஊழியருங்களுக்கு வருஷம் 50 பவுண்டு சம்பளம் பத்தலன்னுதான். இருபது வருஷம் கழிச்சு 1792ல மனித உரிமை பத்தின புத்தகத்தோட ரெண்டாம் பாகத்துல திட்டம் போட்டாரு: ஏழைக் குடும்பத்துல 14 வயசுக்குக் கீழ ஒவ்வொரு குழந்தைக்கும் வருஷம் 4 பவுண்டு, அந்தக் குழந்தையைப் படிக்க வைக்கணும், 50 வயசு ஆன ஏழைக்கு வருஷம் 6 பவுண்டு, 60 ஆனா 10 பவுண்டு, பெரிய எஸ்டேட்டுக்கு ஏற ஏற அதிக வரி. கூலிக்காரன் வருஷ வருமானம் இருபது பவுண்டு சொச்சம் இருந்த காலத்துல 10 பவுண்டு சின்னக் காசு இல்ல. அவனும் மறைமுக வரியா வாழ்நாள் பூரா கட்டியிருக்கான், அதனால இது தர்மம் இல்ல உரிமைன்னாரு. அரசாங்கம் அந்த டிசம்பர்லயே அவர் இல்லாமலேயே தேசத்துரோக எழுத்துன்னு வழக்கு நடத்தித் தண்டிச்சுது, அவர் அதுக்குள்ள பிரான்ஸ் போயிட்டாரு.

1797ல பெயினே எழுதின இன்னொரு சின்ன பாம்ப்லெட். நிலம் எல்லாருக்கும் பொது, அதைத் தனிச்சொத்து ஆக்கினதால மத்தவங்க இழந்ததுக்கு ஈடு கொடுக்கணும், சாகறப்போ கை மாறற சொத்துல பத்துல ஒரு பங்கு எடுத்து நிதி சேர்த்து 21 வயசு ஆன எல்லாருக்கும் 15 பவுண்டு, 50க்கு மேல எல்லாருக்கும் வருஷம் 10 பவுண்டு, ஏழை பணக்காரன் வித்தியாசம் பார்க்காம. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை.

அது போதாதுன்னு சண்டைக்கு வந்தவரு தாமஸ் ஸ்பென்ஸ். நியூகாசில்ல ஏழைக் குடும்பத்துல பிறந்த வாத்தியார். அந்த ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை நகராட்சி குத்தகைக்கு விடப் பார்த்து ஊர்க்காரங்க எதிர்த்து ஜெயிச்ச நேரம் அது. 1775 நவம்பர்ல ஊர்த் தத்துவ சங்கத்துல ஒரு உரை படிச்சாரு: நிலம் முழுக்க அந்தந்த பாரிஷுக்குச் சொந்தம், அதை வாடகைக்கு விடலாம், அந்த வாடகை தவிர நாட்டுல வேற வரியே கிடையாது. அதை அச்சடிச்சு தெருவுல கூவி வித்தாருன்னு சங்கத்துலேருந்து தூக்கிட்டாங்க. அப்புறம் லண்டன் வந்து புத்தகக் கடை போட்டு, தன் கொள்கையைச் செப்புக் காசுல கூட அச்சடிச்சாரு, பல தடவை ஜெயிலுக்குப் போனாரு. 1797ல குழந்தைங்க உரிமைன்னு எழுதினதுல ஒரு பொம்பளை நிலப்பிரபு கிட்ட நேரா பேசுவா, எங்க ஆம்பளைங்க இந்த உரிமையை மீட்கல, நாங்களே கமிட்டி போட்டு வாடகை வாங்கறோம், செலவு போக மிச்சத்தை மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிறந்த குழந்தை வரைக்கும் சரி பங்கா பிரிப்போம்னு. பெயின் பிறப்புரிமையைச் சில்லறைக்கு வித்துட்டாருங்கறது அவர் குற்றச்சாட்டு. இந்த ரெண்டு பேருல எனக்கு ஸ்பென்ஸ்தான் நெருக்கம், கணக்கு பெயினோடதுதான் உறுதி. பிரிட்டன்ல வயசானவங்களுக்கு அரசு பென்ஷன் சட்டம் 1908லதான் வந்துச்சு, 70 வயசுக்கு மேல வாரத்துக்கு 5 ஷில்லிங்.

எதிர்ப் பக்கம் யாரு?

ஜோசப் டவுன்சென்ட். அவரும் பாதிரியார்தான். 1786ல ஏழைச் சட்டத்தையே எடுக்கணும்னாரு, பசிதான் ஏழையை வேலைக்குப் போக வைக்கும், சட்டத்தால கட்டாயப்படுத்தறதை விடப் பசி அமைதியா வேலை வாங்கும்னு. ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுல ஆட்டையும் நாயையும் விட்டா ஒண்ணை ஒண்ணு சரி பண்ணிக்கும்ங்கற கதையை வச்சு மனுஷனுக்கும் அதே விதின்னு சொன்னாரு. ரொம்ப அழகா எழுதத் தெரிஞ்ச ஆளு, அதான் பயம். 1798ல மக்கள்தொகை பத்தி எழுதின மால்தஸ் இந்த வாதத்தைப் பெருசாக்கினாரு, 1834ல வந்த புது ஏழைச் சட்டத்துல அதோட நிழல் தெரியும்.

ஓட்டு இல்லாத சாதாரண ஜனங்க கிட்ட ஏதாவது பாம்ப்லெட் போய்ச் சேர்ந்துச்சா?

1791ல வில்லியம் ஃபாக்ஸ் எழுதினது. மேற்கிந்தியத் தீவு சர்க்கரையையும் ரம்மையும் வாங்காதீங்க, அடிமை முறைக்குக் காசு கொடுக்கறது வாங்கற நீங்கதான்னு. வாரத்துக்கு 5 பவுண்டு எடை சர்க்கரை வாங்கற குடும்பம் 21 மாசம் நிறுத்தினா ஒரு மனுஷன் அடிமையாகறதையோ கொலையாகறதையோ தடுக்கலாம்னு கணக்கு கொடுத்தாரு. விலை கம்மி, பதிப்பு மேல பதிப்பா போச்சு, சுமார் 3,00,000 பேரு சர்க்கரையை விட்டதா அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடின தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டாரு. ஓட்டுரிமை இல்லாத பொம்பளைங்க மளிகைக் கணக்கு வழியா அரசியல் பண்ண ஆரம்பிச்ச இடம் இது. அடிமை வியாபாரத் தடை 1807லதான் வந்துச்சு.

மெட்ராஸ் பேரு வர்ற பாம்ப்லெட் ஒண்ணு இருக்காமே?

1797, ஆண்ட்ரூ பெல். எழும்பூர்ல கம்பெனியோட ஐரோப்பியச் சிப்பாய்களோட பையன்களுக்கான ஆதரவற்றோர் பள்ளியைப் பார்த்துக்கிட்டவரு. நம்ம ஊர்ப் பள்ளில பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கறதைப் பார்த்து தன் பள்ளில செய்யச் சொன்னாரு, வாத்தியாருங்க முடியாதுன்னாங்க, எட்டு வயசுப் பையன் ஒருத்தனை விட்டே சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வச்சாரு. ஊருக்குத் திரும்பிப் போய் அதை ஒரு திட்டமா அச்சடிச்சாரு, 'மெட்ராஸ் முறை'ன்னே பேராச்சு, கம்மிச் செலவுல ஏழைப் பிள்ளைங்களுக்குப் பள்ளின்னு இங்கிலாந்து முழுக்கப் பரவுச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல அவர் பணத்துல கட்டின பள்ளிக்குப் பேரு இன்னைக்கும் மெட்ராஸ் காலேஜ்தான். திண்ணைப் பள்ளி வாத்தியாருங்க பேரு எதுவும் அதுல இல்ல.

படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கலாம்?

நிறைய ஸ்கேன் பண்ணி இலவசமாவே கிடைக்குது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, இதை மனசுல வச்சுக்கங்க. பழைய அச்சுல ஒரு வகை 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரியே இருக்கும், ரெண்டு பக்கம் தடுமாறும், அப்புறம் கண்ணு பழகிடும். எந்தத் திட்டமா இருந்தாலும் காசு யாரு கிட்டேருந்து வருதுன்னு சொல்ற பக்கத்தை முதல்ல தேடுங்க, எழுதினவரோட மனசு அங்கதான் தெரியும். டீஃபோவோட 1704 பாம்ப்லெட்டுல ஆரம்பிச்சு, பெல்லர்ஸ், டேவிஸோட குடும்பக் கணக்கு, அப்புறம் 1797ல பெயினும் ஸ்பென்ஸும் எழுதினதைச் சேர்த்துப் படிங்க. பெயின் திட்டத்தையும் தன் திட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல பத்தியாப் போட்டு ஸ்பென்ஸே ஒரு ஒப்பீடு கொடுத்திருக்காரு, ரெண்டு பேருக்கும் எங்க ஒத்துப் போகல, ஏன்னு அதுல நேராவே தெரியும்.